வெட்டியது, உதிர்ந்தது, பிடுங்கியது

ஜோதிகா எனக்கு அனுப்பிய பதினாறாவது குரல் செய்தி பத்தொன்பது நொடி ஓடுகிறது. முதல் ஒன்பது நொடி அவள் ஒழுங்காகப் பிரெஞ்சுப் பாடம் ஒப்பிக்கிறாள். “ரெத். கோரை முடி. ஒந்துலே. அலை அலையா கீது. பூக்லே. வளையம் வளையமா கீது. ஃப்ரிஸே. பொடிச் சுருட்டை.” பத்தாவது நொடியில் தள்ளி நின்று ஒரு ஆண் குரல், “யாருகிட்டடி?” அடுத்து ஒரு குடம் உருள்கிறது. அடுத்து சதையில் கை விழும் சத்தம், இரண்டு தடவை, நடுவில் மூச்சு வாங்க இடம் விட்டு. அவள் கத்தவில்லை. கடைசி மூன்று நொடி அலைச் சத்தம் மட்டும்.

பிரான்சில், லியோனில் என் சமையலறையில் நின்றுகொண்டு அதை நான் பதினோரு தடவை கேட்டேன். பதில் அனுப்பினால் அவன் கையில் போன் இருக்குமோ என்று அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் அவள் செத்துக் கிடக்கிறாளோ என்று உட்காரவும் முடியவில்லை. கடைசியில் கரோலினைக் கூப்பிட்டேன்.

கரோலின் ராயபுரத்தில் என்னோடு பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கிற இடத்தில், ஒரு முடிக் கிடங்குக்கு மேலாளர். கோயிலில் மொட்டை போட்ட முடியும், தெருவில் பிளாஸ்டிக் டப்பா கொடுத்து வாங்கிய சிக்கு முடியும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். இருபத்தாறு பெண்கள் தரையில் உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள், ஆணிப்பலகையில் சீவுவார்கள், நீளம் பார்த்துக் கத்தை கட்டுவார்கள். ஆணிப்பலகை என்றால் ஒரு மரக்கட்டை. அதில் விரல் உயரத்துக்குக் கூர்கூரான எஃகு ஊசிகள் ஆறு வரிசை நிற்கும். கத்தையை அதன் மேல் அடித்து இழுத்தால் சிக்கு ஊசியில் நிற்கும், நல்ல முடி கையோடு வரும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகாமல் யாரும் அதன் பக்கத்தில் போகமாட்டார்கள்.

கத்தைகள் பிரான்சுக்குக் கப்பலேறும். அங்கே டோப்பா செய்யும் ஒரு சின்னப் பட்டறை. நடத்துகிறவள் ஒதீல் என்ற அறுபது வயதுக்காரி. இரண்டு தடவை சரக்கு திரும்பி வந்துவிட்டது. எல்லாப் பெட்டியிலும் இங்கிலீஷில் ஒரே மாதிரி “கறுப்பு, அலை” என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மாள் சீறிவிட்டாள். கத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் தன் மொழியில் விவரம் சொல்ல ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கிடங்கில் அதற்காக ஒரு மேசை போட்டார்கள். மேசைக்கு வருகிற பெண் இருபது கத்தைக்கு விவரம் சொல்லி, அதில் குறைந்தது பதினேழு சரியாக இருக்க வேண்டும். பரீட்சை மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மூன்று மணி. சொல்லிக் கொடுக்க நான். ஆள் யார் என்று கேட்டபோது கரோலின் யோசிக்காமல் ஜோதிகா என்றாள்.

பிரான்ஸ் அழைப்புகள் ராத்திரி எட்டு வரை போகும் என்பதால் மேசைக்காரிக்கு மாடியில் ஒரு அறையும் உண்டு. முதல் குரல் செய்தியிலேயே ஜோதிகா என்னிடம் சொன்னது அதைத்தான். “டீச்சர்க்கா, எனக்கு சம்பளம் ஜாஸ்தி ஆவணும்னு ஒண்ணும் இல்ல. அந்த ரூமுக்கு இரும்புக் கதவு. உள்பக்கம் தாப்பா கீது. நான் போயி பாத்துட்டு வந்தேன். நல்லா கெட்டியா கீது.”

அவளுக்கு முப்பத்தொரு வயது. பிறந்தது காத்திவாக்கம். அவள் அப்பா ரகுபதி உப்பங்கழியில் இறால் தடவுகிறவர். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றுக்குள் கையை விட்டு, விரலில் மீசை உரசுவதை வைத்தே இறால் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் பிடிப்பார்கள். தலைப்பக்கம் பிடித்தால் கொம்பு குத்தும். ஒன்பது வயதில் இவளும் இறங்கியிருக்கிறாள். பத்தாவது முடித்த கையோடு படிப்பு நின்றது. இருபதில் முகத்துவாரக்குப்பத்து வல்லரசுவைக் கட்டிக்கொண்டாள். அவன் காசிமேட்டு விசைப்படகில் வலைக்காரன். கயிறு, முடிச்சு, கண்ணி என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரன் என்று அவன்மேல் கோபம் உள்ளவர்கள்கூடச் சொல்வார்கள்.

கல்யாணமாகிப் பதினேழாம் நாள் முதல் அடி. குழம்பில் உப்பு என்று ஆரம்பித்தது. அடிப்பதற்கு முன்னால் அவன் செய்வது எப்போதும் ஒன்றுதான்: அவள் பின்னலை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வான். வலைக்கயிறைச் சுற்றுகிற மாதிரி. அப்புறம்தான் இடது கை பேசும். நாலாம் வருடம் வயிற்றில் ஐந்து மாதம். அன்றைக்கு அவன் காலும் பேசியது; பிள்ளை கலைந்தது. வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னவள் மாமியார் கோவிந்தம்மா. ஜோதிகா சொல்லவில்லை. “மிதிச்சான்” என்று சொன்னாள். போலீஸ் வந்தது, ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், சமாதானம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீடு திரும்பியதும் அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் அடித்தான்.

வருடத்தில் பத்து மாதம் அவன் கடலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பான். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை தொடங்கிவிடும்; இரண்டு மாதம் படகு கட்டிக் கிடக்கும், ஆள் வீட்டில் கிடப்பான். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் அவளுக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருந்தது. பரீட்சை வெள்ளிக்கிழமை தடை தொடங்கி ஒன்பதாம் நாள் வந்தது.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே அவளை எல்லாரும் கவனித்தார்கள். ஒரு இழையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் அது வேர்ப்பக்கமாகவே நகரும். வேர் எது நுனி எது என்று அப்படித்தான் பார்ப்பது. மற்றவர்கள் தேய்க்கிற நேரத்தில் இவள் தொட்டவுடன் சொல்லிவிடுவாள். பக்கத்தில் உட்காருகிற அஜீசா, “இன்னாடி, எறா மாதிரி தடவிகினே கண்டுபுடிக்கிற” என்பாளாம்.

அவளுக்குச் சொல் கற்றுக்கொடுப்பது சுலபமாக இருக்கவில்லை. படத்தைக் காட்டினால் முகம் சுளிப்பாள். “இது பொம்ம முடிக்கா. கையில புடிக்கிற மாதிரி சொல்லு.” கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிடங்குப் பெண்களின் தலையில் ஒவ்வொரு சொல்லையும் குடிவைத்தாள். அஜீசாவின் பூனை முடிக்கு ஃபேன், மெல்லிசு. வாசல் காவலாளி நெல்சனின் மனைவிக்கு எபே, அடர்த்தி. மருதாணி போட்டுச் சிவந்த தலைக்கு ரூ. நுனி பிளந்திருந்தால் ஃபூர்ஷூ. அது பாதிப் பேருக்கு. கரோலினுக்கு க்ரெப்பு, கம்பளிச் சுருட்டை, என்று சொன்னதும் கரோலின் சண்டைக்கு வந்துவிட்டாள்.

“எனக்கா க்ரெப்பு? நேத்துதாண்டி பார்லர்ல நீட்டிட்டு வந்தேன்.”

“மேல நீட்டிகினு கீது மேடம். வேர்ல தொட்டுப் பாரு, ஸ்ப்ரிங்கு மாதிரி கீது. அந்தம்மா வேரத்தான் கேப்பாங்க.”

இன்னொரு தடவை அவள் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. “எங்கூட்ல முடிக்கு இருக்கிற ஒரே பேரு அவன் வாய்ல வர்ற அந்தக் கெட்ட வார்த்தைதான்க்கா. இன்னா மயிரு, போடி மயிரு. இதுல பாரு, இத்தினி பேரு கீது, ஒண்ணுகூட திட்டு இல்ல.”

நிறம், வடிவம், நீளம் எல்லாம் இரண்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிட்டது. அப்புறம் ஒதீலின் படிவத்தில் கடைசிக்கு முந்தின கேள்வி: முடி தலையை விட்டு எப்படி வந்தது? கூப்பே என்றால் வெட்டியது. தோம்பே என்றால் தானாக உதிர்ந்தது. இந்த இரண்டு போதும் என்றேன். அவள் விடவில்லை.

“பிடுங்கினதுக்கு இன்னா?”

“அந்த மாதிரி சரக்கு வராது ஜோதிகா.”

“வரும். சிக்கு முடில வரும். நுனில வெள்ளையா சீரகம் மாதிரி ஒரு குண்டு ஒட்டிகினு இருக்கும். அது சீப்புல வந்தது இல்ல, கையில வந்தது. எனக்குத் தெரியும்.”

அராஷே என்றேன். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பதினாறாவது செய்திக்குப் பிறகு நடந்ததை மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஜீசாவின் போனிலிருந்து சொன்னாள். உதடு வீங்கியிருந்ததால் சில எழுத்து வழுக்கியது. வல்லரசு அவள் போனைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைத்தான். யாரோடு பேசுகிறாள் என்று கேட்டான். வேலைக்கான பாடம், முடிக்குப் பேர் படிக்கிறேன் என்றாள். அவன் சிரித்தானாம். பின்னலைக் கையில் சுற்றினான்.

“சொல்லு. இத்துக்கு இன்னா பேரு?”

“நத். பின்னல்.”

தலையைச் சுவரில் இடித்தான். “இப்பச் சொல்லு. மேல கீதே, அத்துக்கு?”

“ரசின். வேரு.”

மறுபடி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இடி. கோவிந்தம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், “மெல்ல, பக்கத்து வூட்ல ஆளு கீது” என்றாளாம், அவ்வளவுதான். கடைசியாக அவன் கை நிறைய முடியோடு வெளியே போனான். வாசலில் அதை உதறினான். மறுநாள் காலையில் அவள் அதைப் பொறுக்கிப் பார்த்திருக்கிறாள்.

“அராஷே தான்க்கா” என்றாள். “பதினாலு கேட்டான். பதினாலும் கரெக்டா சொன்னேன்.”

நான் வேண்டாம் என்றேன். பாடத்தை நிறுத்திவிடலாம், போலீசுக்குப் போகலாம் என்றேன். ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒருத்தருக்குச் சொல்ல ரொம்ப வசதியான யோசனைகள். அவள் சலித்துக்கொண்டாள். “போலீசு சமாதானம் பேசும். நீ அந்த மி-லோன், லோன், அரை நீளம் முழு நீளம், ரெண்டும் எங்க பிரியுதுன்னு சொல்லு. தோள்லயா, தோளுக்குக் கீழயா?”

பரீட்சைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால், அவனுக்கு மாடி அறை பற்றித் தெரிந்துவிட்டது. கிடங்கில் மூட்டை இறக்குகிற ஒருவன் சாராயக் கடையில் உளறியிருக்கிறான். அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து பின்னலைப் பிடித்து, நடு வீட்டில் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டிக்காலை ஊன்றினான்.

“தனி ரூமு கேக்குதா உனுக்கு? மொட்டச்சியா போ. எவன் பாக்குறான்னு பாக்கறேன்.”

கத்தியை எடுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கழுத்துக்குத்தான் என்று நினைத்தாள். ஆனால் கத்தி உடனே வரவில்லை. பின்னந்தலையில் ஏதோ சுற்றுகிற மாதிரி இருந்தது. இறுக்கமாக, வரிசையாக, எட்டு பத்துச் சுற்று. அவளுக்குப் புரிய நேரமாயிற்று. வலைக்காரர்கள் எந்தக் கயிறையும் சும்மா வெட்டமாட்டார்கள். வெட்டப்போகிற இடத்தில் முதலில் நூலைச் சுற்றி இறுக்குவார்கள். இல்லாவிட்டால் புரி பிரிந்து கயிறு பாழாகிவிடும். அவ்வளவு போதையில், அவ்வளவு ஆத்திரத்தில், வாயில் எச்சில் ஒழுகத் திட்டிக்கொண்டே, அவன் கை அதன் வேலையைச் செய்தது. பல்லில் கடித்து முடிச்சுப் போட்டான். அப்புறம் நூலுக்கு மேலே, தலையை ஒட்டி, வலைக்கத்தியால் அறுத்தான். மூன்று இடத்தில் தோலோடு வந்தது.

எழுந்து பின்னலைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினான். அவன் கயிறு மாட்டுகிற ஆணி. சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனான்.

“எனக்கு அளுவ வர்ல” என்றாள் என்னிடம், ஆறு மாதம் கழித்து நான் ஊருக்குப் போயிருந்தபோது. “எப்புடி கட்டிக்கீறான்னு பாத்தேன். ஒரு இழ கலையல. எங்க கெடங்குல மாசத்துக்கு ஒண்ணுதான் அந்த மாதிரி வரும்.”

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பின்னலைத் தினத்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோவிந்தம்மா வாசலை மறித்தாள். “எங்கடி கெளம்பிட்ட? அவன் வந்தா எனுக்கு உதை விழும்.” ஜோதிகா அவளைச் சுவரோடு ஒதுக்கித் தள்ளினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை அவள் கை இன்னொரு ஆள்மேல் விழுந்தது. கிழவியின் முழங்கை தோல் உரிந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. பஸ் பிடித்து அஜீசா வீட்டுக்குப் போனாள். அஜீசாவின் அம்மா மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தலைக் காயத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கரோலின் பரீட்சையைத் தள்ளிப் போடலாம் என்றாள். ஜோதிகா முடியாது என்றாள். “இன்னிக்கி உட்டா நாளைக்கி விரல அறுப்பான் மேடம். விரல் போச்சுன்னா நான் எதுக்குமே ஆவமாட்டேன்.”

மூன்று மணிக்கு அழைப்பு தொடங்கியது. எனக்கு இங்கே காலை பதினொன்றரை. நானும் சேர்ந்திருந்தேன், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒதீலின் கட்டளை. கிடங்கில் போனை மேசைக்கு மேலே ஒரு கம்பியில் கட்டியிருந்தார்கள்; முகம் தெரியாது, மேசைப் பலகையும், ஓரத்தில் இறுக்கிய ஆணிப்பலகையும், இரண்டு கைகளும், அவள் குனிகிறபோது துண்டு சுற்றிய பின்னந்தலையும் மட்டும். இடது மணிக்கட்டில் கறுத்த தழும்பு. 

“கத்தை ஒன்று” என்றாள் பிரெஞ்சில். “நீளம். பழுப்பு, அடர். கோரை. வறண்டது. வெட்டியது.” ஒதீல் ம்ம் என்றாள். இரண்டு, மூன்று. ஐந்தாவதில் மெல்லிசு என்பதற்குப் பதில் வேறு சொல் சொல்லிவிட்டு உடனே திருத்தினாள்; ஒதீல் திருத்தியதை ஒப்புக்கொள்ளவில்லை. பத்தாவதில் இன்னொரு தவறு. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.  பன்னிரண்டு. பதிமூன்று.

பதினான்காவது கத்தையைப் பாதி சீவியிருந்தபோது ஒதீல், “என்ன சத்தம் அது?” என்றாள். பெண்கள் கத்துவது கேட்டது. நெல்சன், “டேய், உள்ள போவாத, டேய்!” என்றான். வல்லரசு குரலை நான் பத்தொன்பது நொடிச் செய்தியில் பதினோரு தடவை கேட்டவள், உடனே தெரிந்தது.

“எந்திரிடி பேமானி! வூட்டுக்கு வாடி!”

ஜோதிகா எழுந்திருக்கவில்லை. அவள் கைகள் கத்தையைப் பிடித்தபடி மேசையில் இருந்தன. திரையின் மேல் ஓரத்தில் ஒரு ஆணின் வலது கை வந்தது. பதினோரு வருடமாக அது போகிற இடத்துக்குத்தான் போனது, அவள் கழுத்துக்குப் பின்னால், பின்னல் இருக்கிற இடத்துக்கு. விரல்கள் மூடிக்கொண்டு, சுற்றுவதற்காகத் திரும்பி, முழு உடம்பின் கனத்தோடு இழுத்தன. அங்கே ஒன்றும் இல்லை. துண்டு மட்டும் கையோடு வந்தது. இழுத்த வேகத்தில் அவன் நிலை தவறினான். தாங்கிக்கொள்ள மேசையில் கையை ஊன்றினான்.

ஊன்றியது ஆணிப்பலகையில்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. ஊசிகள் புறங்கை வழியாக வெளியே தெரிந்தன. அவன் அலறிக்கொண்டு கையைப் பிடுங்கப் பார்த்தான். ஊசிகள் நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கும். இழுக்க இழுக்கக் கிழித்தது. இடது கையால் ஜோதிகாவின் முகத்தில் குத்தினான். ஒரு குத்து விழுந்தது. இரண்டாவதற்குள் திரை நிறையப் பெண்களின் கைகள். அஜீசா கத்தை கட்டுகிற கட்டையால் அவன் முழங்கையில் அடித்தாள். “இன்னும் போடுடி! ஊட்டுக்கு ஊடு இதே கஸ்மாலம்!” என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். யாரோ செருப்பால், யாரோ வாளியால். அவனுக்காகப் பரிதாபப்பட ஒரு கணம் முயன்றேன், வரவில்லை. நெல்சனும் லாரி டிரைவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கையை ஊசியிலிருந்து தூக்கி எடுத்து, அவனை வெளியே இழுத்துப்போய் ஆட்டோவில் போட்டார்கள்.

ஒதீல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்தியிருந்தாள். “நிறுத்துங்கள், போதும், அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லுங்கள், மேசை அவளுக்குத்தான், போதும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன்.

திரையில் ஜோதிகாவின் கைகள் திரும்ப வந்தன. ஒரு சொட்டு ரத்தம் மேசையில் விழுந்தது. அது அவள் மூக்கிலிருந்து. துணியால் துடைத்தாள்.

“வேணாம்னு சொல்லுக்கா. பாவம் பாத்துக் குடுத்தாங்கன்னு மொதலாளி நாளைக்கே எட்த்துருவாரு. இருவதும் சொல்றேன்.”

பதினான்காவது கத்தை ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். இப்போது ஒன்று குறைகிறது. குனிந்து கீழேயிருந்து ஒரு தினத்தாள் மடிப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அவள் பின்னல். பச்சை நைலான் நூலில் கட்டியது. கட்டை அவிழ்க்காமல் பின்னலை மட்டும் பிரித்து, மேசையில் நீளமாக விரித்தாள்.

“கத்தை பதினான்கு” என்றாள் பிரெஞ்சில். “மிக நீளம். பழுப்பு, கறுப்புக்குப் பக்கம். அடர்த்தி. வேரில் கோரை.” நிறுத்தினாள். நுனியைத் தடவினாள். “நுனியில் அலை, பின்னலால் வந்தது. ஒரு தலை. வெள்ளை, கொஞ்சம், இடது பக்கம்.”

ஒதீல் மெதுவாக உட்கார்ந்தாள். படிவத்தைக் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டாளா, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. “வெட்டியதா, உதிர்ந்ததா?”

“வெட்டியது.”

“மனமுவந்து கொடுத்ததா?” படிவத்தில் அது கடைசி வரி.

“இல்லை.”

“அப்படியென்றால் இதை நான் வாங்க முடியாது.”

இதை நான் மொழிபெயர்த்தேன். ஜோதிகா தமிழில் சொன்னாள், போனைப் பார்க்காமல், முடியைச் சுருட்டிக்கொண்டே: “விக்கறதுக்கு வெக்கல. விவரம் சரியான்னு மட்டும் கேளு.”

சரி என்றாள் ஒதீல். பதினைந்தாவதை எடுக்கச் சொன்னாள். அப்புறம் ஆறு கத்தை. குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது, சொல் தவறவில்லை. பதினெட்டு சரி.

வல்லரசுவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். அவள்தான் ஊசியில் பிடித்துத் தள்ளினாள் என்று அவன் புகார் கொடுத்தான். ஒதீல் பதிவு செய்திருந்த வீடியோவைக் கரோலின் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனாள். ஜோதிகாவின் இரண்டு கையும் அவன் கை ஊசியில் இறங்கும் வரை மேசையிலேயே இருந்தது அதில் தெரிகிறது. சமாதானம் பேச வந்த ஊர்க்காரர்களிடம் ஜோதிகா பச்சை நூல் சுற்றிய முடியை நீட்டி, இந்தக் கட்டு போடுகிற கை குப்பத்தில் எத்தனை என்று கேட்டாள். பேச்சு அதோடு நின்றது. வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். கிடங்கு வாசலுக்கு எதிரே, லாரிகளுக்கு நடுவில், இரண்டு தடவை நின்றதாக நெல்சன் சொல்கிறான். ஜோதிகா இரவில் தனியாகக் கீழே இறங்குவதில்லை. இங்கே காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் கடைசியாக வாட்ஸ்அப்பில் எப்போது வந்தாள் என்பதைத்தான். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மேசைக்கு வந்த முதல் வாரம் அவள் முப்பது கத்தைக்கு விவரம் அனுப்பினாள். சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஒதீல் ஒன்றை அடித்துத் திருத்தி அனுப்பினாள்: இருபத்தாறாவது நீ சொன்ன மாதிரி ஷாத்தேன், செம்பழுப்பு, இல்லை; ப்ரன், கரும்பழுப்பு. நான் அதை அப்படியே ஜோதிகாவிடம் சொன்னேன். பக்கத்தில் அஜீசாவும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள், பேச்சு கேட்டது.  அப்புறம் அவள் போனுக்குள் கத்திய கத்தலில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

“எதுக்குக்கா ப்ரன்? டியூப்லைட்டுல வெச்சிப் பாத்துருப்பாங்க. சன்னல்கிட்ட எட்த்துனு போயி வெயில்ல புடிச்சிப் பாக்கச் சொல்லு. செவப்பு ஓடும். அது ஷாத்தேன்தான். நான் மாத்தி எழுதமாட்டேன். அந்தம்மாகிட்ட அப்டியே சொல்லு.”

அப்படியே சொன்னேன். ஒதீல் இன்னும் பதில் போடவில்லை.